செக்கு ஒருவரிடம், மாவு இன்னொருவரிடம்: சேர்ந்து செய்யும் புரத உணவு

குடியாத்தம், பேர்ணாம்பட்டு, குப்பம், பலமநேர், நகரி என்று எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வந்த கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். மல்லாட்டையும் (வேர்க்கடலை) மொச்சையும் விளைகிற ஊர்கள் இவை. செக்குக்காரர், மகளிர் குழு, உழவர் நிறுவனம், ஆய்வுக்கூடம் எல்லாரும் சேர்ந்து தாவரப் புரத உணவு செய்வது எப்படி என்பதுதான் கேள்விகளின் சாரம்.

குடியாத்தம் வாசகர்: மரச்செக்கு வைத்திருக்கிறேன். நாளுக்கு 100 கிலோ மல்லாட்டைப் பருப்பு ஆட்டுகிறேன். புண்ணாக்கு முழுக்க மாட்டுக்குத்தான் போகிறது. குப்பம் பக்கத்து மகளிர் குழு ஒன்று அதை வாங்கி மாவாக்கிச் சத்துமாவில் சேர்க்கப் போவதாகச் சொல்கிறது. தீவன விலையைவிடக் கூடுதலாகத் தரவும் தயார். கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் இப்போது ஆட்டுகிற மாதிரியே ஆட்டிக் கொடுக்கக் கூடாது. மாட்டுக்கென்று ஆட்டிய புண்ணாக்கை மனிதர் தின்னும் மாவாக மாற்ற வழியில்லை. பருப்பு செக்கில் விழும் முன்பே எந்தப் புண்ணாக்கு என்பது முடிவாகிவிடுகிறது.

காரணம் அஃப்ளாடாக்சின். கடலையில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு இது, கல்லீரலைத் தாக்கும். 1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, அவற்றுக்குப் போட்ட கடலைப் புண்ணாக்கில்தான் இது முதலில் அடையாளம் தெரிந்தது. எண்ணெய் ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடும். பருப்பில் இருந்தது பாதி எடையுள்ள புண்ணாக்கில் குவிவதால், கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பருப்பில் இருந்ததைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

முதலில் பருப்பு எங்கே உடைபடுகிறது என்று விசாரியுங்கள். பருப்பு நொறுங்கக் கூடாது என்பதற்காக, மெஷினில் போடும் முன் காய்க்குத் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்த ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி. தெளிக்காமல் உடைத்த பருப்பு, ஈரம் 7 விழுக்காட்டுக்குள், என்பதைக் கொள்முதல் நிபந்தனையாக வையுங்கள். ஈரமானி ஒன்று வாங்கிப் போடுவது முதல் செலவாக இருக்கட்டும்.

அடுத்தது பொறுக்குவது. சுருங்கியது, நிறம் மாறியது, பூச்சி துளைத்தது, உடைந்தது எல்லாம் வெளியே. பொறுக்கியதை 90 முதல் 100 டிகிரி சூட்டில் 20, 25 நிமிடம் லேசாகப் புரட்டி, ஆறவிட்டு, தேய்த்துத் தோலைப் புடைத்துவிடுங்கள். தோல் போனால் துவர்ப்பு குறையும், மாவு வெளுப்பாக வரும். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. தோலுக்குள் மறைந்திருந்த மஞ்சள், பழுப்புப் பருப்பு அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். இரண்டாம் முறை பொறுக்குவது இந்தக் கட்டத்தில்தான். முதல் பொறுக்கலைவிட இது முக்கியம் என்பது எங்கள் கருத்து; பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஆட்டும்போது தண்ணீர் தெளிக்காதீர்கள். எண்ணெய் இறங்கக் கை நிறையத் தண்ணீர் விடுவது செக்கில் வழக்கம். அந்தத் தண்ணீர் புண்ணாக்கில் நின்று ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கும். தண்ணீர் இல்லாமல், சூடுபட்ட பருப்பை ஆட்டினால் எண்ணெய் கொஞ்சம் குறையும்தான். அந்தக் குறைவை மகளிர் குழுவிடம் மறைக்காமல் சொல்லி, புண்ணாக்கு விலையில் ஏற்றிக் கேளுங்கள். நியாயமான கேள்வி அது.

இறக்கிய புண்ணாக்கைத் தரையில் கொட்டாமல் எவர்சில்வர் தட்டில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு மூட்டை கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டிதட்டும். 100 கிலோ பருப்பில் கழிவும் தோலும் போக 50 கிலோவை ஒட்டி நல்ல புண்ணாக்கு எதிர்பார்க்கலாம். அதில் புரதம் 40 விழுக்காடு அளவில் இருக்கும். எண்ணெயும் 10 விழுக்காட்டுக்கு மேலேயே நிற்கும். அதனால் சுத்தியல் மில்லில் போட்டால் சூடேறிச் சல்லடை அடைத்துக்கொள்ளும். முதலில் கொரகொரப்பாக உடைத்து, ஆறவைத்து, சிறிது சிறிதாக அரைப்பதே வழி. எண்ணெய் இருப்பதால் மாவு சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். காற்றுப் புகாத உறையில் ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் அரையுங்கள்.

கழித்த பருப்பை மாட்டுக்குப் போடாதீர்கள். அந்த நஞ்சு மாட்டின் உடம்பில் வேறு வடிவம் எடுத்துப் பாலில் இறங்கும். வேறு ஒரு நாள் எண்ணெய்க்கு ஆட்டலாம் என்று எடுத்தும் வைக்காதீர்கள். வடிகட்டினாலும் சுத்திகரிக்காத செக்கு எண்ணெயில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வரும். அடுப்பெரிக்கப் போடுங்கள்.

நகரி வாசகி: பருப்பையோ மாவையோ நன்றாக வறுத்துவிட்டால் அந்த நஞ்சு போய்விடாதா? டெஸ்ட் செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

போகாது. அஃப்ளாடாக்சின் சிதைய 200 டிகிரிக்கு வெகு மேலே சூடு வேண்டும்; அந்தச் சூட்டில் கடலை கரியாகிவிடும். வறுத்தால் ஓரளவு குறையும், அவ்வளவுதான். பூஞ்சை செத்தாலும் அது விட்டுப்போன நஞ்சு நிற்கும். கசப்போ வாடையோ காட்டிக் கொடுக்காது என்பதால் வாயில் போட்டுப் பார்த்தும் தீர்மானிக்க முடியாது.

சட்ட வரம்பு, நேரடியாகத் தின்னும் கடலைக்கு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். மேலும் பதப்படுத்தப் போகும் கடலைக்கு 15. ஆயிரம் பருப்பில் ஒன்றிரண்டில் மட்டும் நஞ்சு குவிந்திருக்கும் என்பதால், கைப்பிடி எடுத்து அனுப்பினால் ஒரு முறை சுத்தம் என்று வரும், அடுத்த முறை எகிறும். எல்லா மூட்டையின் மேல், நடு, அடியிலிருந்தும் எடுத்து மொத்தம் 5 கிலோவாவது சேருங்கள். முழுவதையும் அரைத்து, நன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவை ஆய்வுக்கு அனுப்புங்கள். இன்னொரு அரைக் கிலோவை முத்திரை வைத்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

செலவுக்குத்தான் கூட்டு. ஒரே செக்கில் வாங்கும் நாலு குழுக்கள், ஒரே லாட்டுக்கு, அதாவது ஒரே தொகுதியாக ஆட்டிய சரக்குக்கு, ஒரே சோதனை, செலவு நாலாகப் பிரிவு. லாட் எண்ணைப் புண்ணாக்கு மூட்டையிலும் மாவு உறையிலும் எழுதினால்தான் அந்த முடிவு நாலு பேருக்கும் செல்லுபடியாகும். லாட் எண் இல்லாத சோதனைத் தாள் வெறும் தாள்.

குப்பம், உழவர் நிறுவன உறுப்பினர்: எங்களிடம் மொச்சையும் வேர்க்கடலையும் இருக்கின்றன. சோயா மீல்மேக்கர் மாதிரி உருண்டை செய்ய, மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் துளை வழியாகத் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் மெஷின் வாங்க நினைக்கிறோம். சரியா?

இப்போதைக்கு வாங்காதீர்கள்.

மீல்மேக்கர் எதில் செய்கிறார்கள் என்று பாருங்கள். கரைப்பான் கொண்டு எண்ணெய் எடுத்த சோயா மாவு. புரதம் 50 விழுக்காடு, எண்ணெய் ஒன்றோ அதற்குக் குறைவோ. 140, 150 டிகிரி சூட்டிலும் அழுத்தத்திலும் புரதம் உருகி, ஒரே திசையில் இழுபட்டு, துளை வழியாக வெளியே வரும்போது ஆவி பிரிந்து பஞ்சு போல நிற்கும். உங்கள் பொருட்களில் இரண்டு சிக்கல். செக்குக் கடலை மாவில் எண்ணெய் அதிகம். உருளைக்குள் அது வழுக்கும். உராய்வு இல்லாததால் சூடும் அழுத்தமும் ஏறாது. வெளியே வருவது ஈர மாவுக் கயிறு. மொச்சையில் புரதம் 24 விழுக்காடுதான், மீதியில் பெரும்பங்கு மாவுச்சத்து. அது பொரி மாதிரி உப்பும், நார் பிரியாது. வேகவைத்தால் கரைந்துவிடும்.

கலவைதான் வழி. முதல் முயற்சிக்கு எண்ணெய் நீக்கிய சோயா மாவு 70, தோல் நீக்கிய மொச்சை மாவு 20, கடலைப் புண்ணாக்கு மாவு 10 என்று வைக்கலாம். இந்த அளவில் கலவையின் எண்ணெய் இரண்டு விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். மாவில் ஈரம் மொத்தம் 25 விழுக்காடு வருகிற மாதிரி தண்ணீர் கலந்து, மூடி அரை மணி நேரம் விட்டு, சீராக ஊட்டுங்கள். ஒரு நேரம் வேகமாகவும் ஒரு நேரம் மெதுவாகவும் வெளியே துப்பினால் ஈரம் சமமாகக் கலக்கவில்லை என்று பொருள். ஓரம் கருகி நடு பச்சையாக இருந்தால் சூடு அதிகம், ஈரம் குறைவு. உருண்டையை ஊறவைத்ததும் கூழானால் புரதம் போதவில்லை, மொச்சையைக் குறையுங்கள்.

இதையெல்லாம் சொந்த மெஷினில் கற்றுக்கொள்வது விலை கூடின படிப்பு. மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ., தஞ்சாவூர் நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்கள் இரண்டிலும் சிறிய அளவில் செய்து பார்க்கும் ஆலைகள் இருக்கின்றன. குப்பத்திலிருந்து மைசூர் ஒரு பகல் பயணம். போகும் முன் மூன்று கலவை அளவுகளைத் தாளில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் 25 கிலோ மாவு, அதன் ஈரம், எண்ணெய், புரத அளவுச் சோதனைத் தாளோடு. வெறும் மாவை மட்டும் எடுத்துப் போனால் பாதி நாள் அதை அளப்பதிலேயே போகும். திரும்பும்போது உருண்டையோடு சேர்த்து, எந்தச் சூட்டில், எந்த வேகத்தில், எந்த ஈரத்தில் வந்தது என்ற குறிப்பையும் கையெழுத்தோடு வாங்குங்கள். நாளை மெஷின் வாங்கப் போனால், விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் அந்தக் குறிப்பிலேயே இருக்கும்.

கடலையையும் ஆய்வுக்கூடத்தையும் சேர்த்துப் பார்ப்பது புதிதல்ல. மைசூர் ஆய்வகம் 1950-ல் தொடங்கிய பிறகு, முதல் பதினைந்து இருபது ஆண்டுகளில் இரண்டு நல்ல முயற்சிகள் அங்கே நடந்தன. ஒன்று, வேர்க்கடலை மாவு முக்கால் பங்கும் கொண்டைக்கடலை மாவு கால் பங்கும் சேர்த்து, உயிர்ச்சத்துகள் கலந்த பல்நோக்கு உணவு. இன்னொன்று, எருமைப் பாலோடு கடலைப் புரதம் சேர்த்த மில்டோன் என்ற பானம். கடலையில் நஞ்சுக் கட்டுப்பாடு எவ்வளவு அவசியம் என்று தெரியவந்ததும் அதே காலத்தில்தான். இன்று இத்துறையில் நுழைபவர்கள் அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பலமநேர் மகளிர் குழு: மொச்சையில் டெம்பே (வேகவைத்த பருப்பில் பூஞ்சை வளர்த்துப் பாளமாக்கும் உணவு) செய்யலாம் என்று பயிற்சியில் சொன்னார்கள். இரண்டு முறை செய்தோம். ஒரு முறை பிசுபிசுத்து நாற்றம். ஒரு முறை ஒட்டவே இல்லை. எங்கே தப்பு?

இரண்டும் இரண்டு வேறு தப்பு. அதற்கு முன் ஒன்று: மொச்சையை ஊறவைத்துத் தோல் பிதுக்குவதில் உங்கள் கைகளுக்கு ஈடு இல்லை. பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கிற ஊர் டெம்பே செய்யப் பாதி தயாராக இருக்கிறது. தோல் நின்றால் பூஞ்சை வேர் உள்ளே இறங்காது.

1 கிலோ காய்ந்த மொச்சையை 12 மணி நேரம் ஊறவையுங்கள், நடுவில் ஒரு முறை தண்ணீர் மாற்றுங்கள். தோலைப் பிதுக்கி, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மூடாமல் 20 நிமிடம் வேகவையுங்கள். மொச்சையில் இயற்கையாக உள்ள வேண்டாத பொருட்கள் ஊறிய தண்ணீரிலும் ஆவியிலும் போவதற்குத்தான் இது. விரலில் நசுக்கினால் அமுங்க வேண்டும், குழையக் கூடாது. இறுத்து, துணியில் பரப்பி, விசிறி போட்டு மேல் ஈரம் முழுக்கப் போகும்வரை விடுங்கள். 35 டிகிரிக்கு, அதாவது கைக்கு இதமான சூட்டுக்கு வந்ததும் 30 மில்லி வினிகர், பிறகு பாக்கெட்டில் சொன்ன அளவு ரைசோபஸ் என்ற டெம்பே பூஞ்சையின் வித்து; பொதுவாகக் கிலோவுக்கு 2 கிராம் வரை. ஒரு செ.மீ. இடைவெளியில் ஊசித் துளை போட்ட உறையில் 2 செ.மீ. கனத்துக்குத் தட்டையாக நிரப்புங்கள். 30, 32 டிகிரியில் 28 முதல் 36 மணி நேரம்.

பிசுபிசுத்து அம்மோனியா நாற்றம் வந்தது பாக்டீரியா. மேல் ஈரம் காயாதது, வினிகர் விட்டுப்போனது, கனம் அதிகம், துளை போதாதது, இவற்றில் ஒன்றோ இரண்டோ நடந்திருக்கும். 12, 14 மணி நேரத்துக்குப் பிறகு பூஞ்சை தானே சூடு உண்டாக்கும். அப்போதும் உறைகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி வைத்திருந்தால் உள்ளே 40-ஐத் தாண்டி, பூஞ்சை செத்து, பாக்டீரியா வெல்லும். அந்த நேரத்தில் உறைகளைப் பிரித்து வலைத் தட்டில் பரப்புங்கள்.

ஒட்டாமல் போனது குளிர். உங்கள் ஊர் மேட்டு நிலம். மார்கழி ராத்திரியில் 16, 17 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. தெர்மாகோல் பெட்டியில் இரண்டு வெந்நீர் பாட்டில் வைத்து, வெப்பமானி ஒன்றையும் உள்ளே போடுங்கள். 14 மணி நேரம் கழித்துப் பாட்டில்களை எடுத்துவிட வேண்டும். மறந்தால் முதல் தப்புக்கே திரும்பிப் போவீர்கள். பருப்பு சூடாக இருக்கும்போது வித்து போட்டிருந்தாலும் வித்து செத்து இதே மாதிரி ஒட்டாமல் வரும்.

நல்ல டெம்பே வெள்ளையாக, பாளம் பாளமாக, வெட்டினால் உதிராமல், காளான் மணத்தோடு இருக்கும். துளை ஓரத்தில் சாம்பல், கறுப்புப் புள்ளி வந்தால் பரவாயில்லை. அது அதே பூஞ்சையின் வித்து. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை தெரிந்தாலோ வழுவழுத்தாலோ அந்த உறையை முழுதாகத் தூக்கிப் போடுங்கள், வெட்டி எடுத்துவிட்டு மீதியை விற்கக் கூடாது. பழைய டெம்பேயைக் கிள்ளிப் போட்டு அடுத்ததைத் தயாரிப்பதும் வேண்டாம். தயிருக்கு உறை ஊற்றுவது போல இது நடக்காது. நாலாம் ஐந்தாம் முறையில் வேறு கிருமி ஏறிவிடும். விற்குமுன் 10 நிமிடம் ஆவியில் வைத்து, ஆறவிட்டு, 4 டிகிரியில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் விற்கலாம்.

பேர்ணாம்பட்டு வாசகர்: செக்கு எங்களுடையது, கலவை முறை குழுவுடையது, பிராண்ட் பெங்களூர் கடைக்காரருடையது. நாளை யாராவது இந்த முறையைத் தூக்கிக்கொண்டு போனால்? பேடண்ட் எடுக்கலாமா?

வெறும் கலவைக்குப் பேடண்ட் கிடைக்காது. சேர்த்த பொருட்களின் குணங்களைக் கூட்டியதற்கு மேல் புதிதாக எதுவும் நடக்காத கலவையை இந்தியப் பேடண்ட் சட்டத்தின் 3(e) பிரிவு ஒதுக்கிவிடுகிறது. பாரம்பரிய அறிவை 3(p) ஒதுக்குகிறது. புதிய இயந்திரமோ, நிரூபிக்கத்தக்க புதிய செய்முறையோ இருந்தால் பேசலாம். உங்களுக்குப் பயன்படுவது டிரேட்மார்க்கும் எழுத்து ஒப்பந்தமும்.

ஒப்பந்தத்தில் எல்லாரும் லாபப் பங்கை எழுதிவிடுகிறார்கள். உறவு முறிவது நஷ்டத்தில்தான். ஆகவே இவற்றை எழுதுங்கள். சோதனையில் லாட் தோற்றால் யார் பொறுப்பு? புண்ணாக்கு கைமாறும் நாளில் இரு தரப்பும் முத்திரையிட்ட மாதிரி வைத்திருந்தால் இந்தக் கேள்விக்குச் சண்டையில்லாமல் பதில் வரும். முதல் ஆறு முயற்சி வீணானால் செலவு எந்த விகிதத்தில்? கலவை முறை யார் பெயரில், பிரிந்தால் யார் எத்தனை மாதம் பயன்படுத்தக் கூடாது? பொறுக்கிய சரக்குக்கு உழவருக்கு எவ்வளவு கூடுதல் விலை? கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால் சுத்தமான காய் அடுத்த பருவத்தில் உங்களிடம் வராது. காய்ந்த நிலத்தில் கடைசி மூன்று வாரம் ஒரு தண்ணீர் கொடுப்பதும், பிடுங்கிய செடியைக் காய் மேலே பார்க்கக் கவிழ்த்துக் காயப்போடுவதும் உழவரின் செலவு. நஞ்சு குறைவது அங்கேதான்.

உரிமம் இடத்துக்கு இடம். குடியாத்தத்தில் அரைப்பதற்கும் குப்பத்தில் கலப்பதற்கும் தனித்தனி எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் வேண்டும். வேறொருவர் பிராண்டில் விற்றால் பிராண்ட் உரிமையாளரின் பெயரும் முகவரியும், உற்பத்தி செய்தவரின் உரிம எண்ணும் உறையில் வர வேண்டும்.

குப்பம் வாசகி: ராகியோடு வேர்க்கடலை மாவு சேர்த்தால் புரதம் முழுமையாகிவிடுமா? "புரதம் நிறைந்தது" என்று உறையில் போடலாமா?

கடலைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, ராகியிலும் குறைவு. இரண்டையும் மட்டும் சேர்த்தால் அந்தக் குறை அப்படியே நிற்கும். லைசினைக் கொண்டுவருவது மொச்சை. ராகி 60, வறுத்துத் தோல் நீக்கிய மொச்சை 25, கடலைப் புண்ணாக்கு மாவு 15 என்று வைத்தால் 100 கிராமில் புரதம் 16 கிராம் அளவில் வரும். ஒரு நாள் தேவையில் 20 விழுக்காட்டை 100 கிராம் தந்தால் "நிறைந்தது" என்று சொல்லலாம் என்பது விதி; தேவையை 54 கிராம் என்று கொண்டால் 11 கிராம் போதும். ஆனால் இந்தக் கணக்கை நம்பி அச்சடிக்காதீர்கள், சோதனைத் தாள் கையில் வந்த பிறகு அச்சடியுங்கள். கடலை இருப்பதை ஒவ்வாமை எச்சரிக்கையாகத் தனி வரியில் போடுவது கட்டாயம்.

நகரி வாசகர்: கடலையை ஊறவைத்து அரைத்து "கடலைப் பால்" என்று பாட்டிலில் விற்கலாமா?

விற்கலாம், "பால்" என்ற சொல் இல்லாமல். தேங்காய்ப் பால் போல வழக்கில் வேரூன்றிய சில பெயர்களுக்கு விலக்கு உண்டு, இதற்கு இல்லை. "வேர்க்கடலைப் பானம்" என்று போடுங்கள். வீகன் (விலங்குப் பொருள் எதுவும் கலக்காதது) என்று போட வேண்டுமானால் 2022-ல் வந்த தனி விதிகளின்படி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் அந்தப் பச்சை முத்திரை. புளிப்பில்லாத, புரதம் நிறைந்த பானம் என்பதால் கொதிக்கவைத்துப் பாட்டிலில் ஊற்றி மூடி வெளியில் வைத்து விற்பது ஆபத்து. சூட்டில் சாகாத வித்துகள் காற்றில்லாத பாட்டிலில் முளைத்து நஞ்சு கக்கும். 121 டிகிரி அழுத்தச் சூட்டுக் கருவி கிடைக்கும்வரை அன்று செய்து, குளிரில் வைத்து, இரண்டு நாளுக்குள் விற்று முடியுங்கள்.